டர்போ வண்டியும் தங்கவயல் பிள்ளைகளும்

நம் ஊர்ப் பிள்ளைகள் காரை ‘டியூன்’ செய்வதைப் பற்றிப் பேச்செடுத்தால் சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், “காசுக் கொழுப்பு, வேறென்ன?” என்கிறார்கள். மறு சாரார், “நாலு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

காசுக் கொழுப்பு என்பது முதலில் பொருந்தாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், இரவு திரும்பி வந்து, மிச்சம் பிடித்த காசில் ஒரு பழைய காரை வாங்குகிறார்கள். மாதத் தவணை முடிவதற்குள் அதன் என்ஜினைத் திறந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். மாலையில் ராபர்ட்சன்பேட்டை கீதா ரோட்டில் நின்றால், கியர் மாற்றும்போது ‘புஸ்’ என்று பெருமூச்சு விட்டபடி போகும் வண்டிகளில் பாதி, இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள்தாம்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். 1964இல் தொடங்கப்பட்ட நம் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலையில், அதாவது நாம் ‘பெமல்’ என்று சொல்லும் இடத்தில், முப்பது வருடம் புல்டோசர்களோடு காலம் தள்ளியவன் நான். இன்று காருக்கு வந்திருக்கும் டர்போ எங்களுக்கு எப்போதோ பழகிய சாமான். அதன் விசில் சத்தத்தை வைத்தே பேரிங் நன்றாயிருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவர்கள் இன்றும் நம் ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

டர்போ என்றால் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு நம் ஊர் உதாரணமே போதும். சுரங்கத்தில் பாறையைத் துளைத்த டிரில் எதில் ஓடியது? மேலே கம்ப்ரஸரில் அழுத்திக் குழாய் வழியே அனுப்பிய காற்றில். அழுத்திய காற்றுக்கு வேலை செய்யும் சக்தி உண்டு என்பது தங்கவயல்காரனுக்குப் பாடம் எடுக்கவேண்டிய விஷயமல்ல. காரின் கதை இதுதான்: ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகப் பெட்ரோல் ஊற்றுவது சுலபம், அதிகக் காற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பதுதான் கஷ்டம். சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையின் சக்தியைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம் என்று ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஷி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சின்னக் காரில் உள்ள டர்போவின் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். நெருப்பாகக் காயும் அந்தத் தண்டைக் காப்பாற்றுவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

காற்றை அழுத்தினால் சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போன காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது நூறு டிகிரியைத் தாண்டி வெளியே வருகிறது. சூடான காற்று விரிந்துவிடும், திணித்த பயன் பாதி போய்விடும். அதனால் அதை இன்டர்கூலர் என்னும் ரேடியேட்டரில் குளிரவைத்து என்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனபோது அடியில் பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல். மனிதன் வேலை செய்யவேண்டுமே என்று மேலே இயந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டில் சிக்கனம் பிடித்திருந்தால் யார் தலையில் விடிந்திருக்கும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். காரிலும் அப்படித்தான்: அழுத்தத்தைக் கூட்டுகிறவன் குளிர்ச்சியையும் சேர்த்துக் கூட்டவேண்டும். இந்தப் பாதிப் பாடத்தை மட்டும் பிள்ளைகள் சாய்ஸில் விட்டுவிடுகிறார்கள்.

இனி லாபத்தைச் சொல்கிறேன், மறைக்கமாட்டேன். என் தங்கை மகன் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான், இரண்டாம் கை. 105 குதிரைத்திறன். பெங்களூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், லேப்டாப்பைச் செருகி, வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த ‘மேப்’பை மாற்றி எழுதிக்கொண்டு வந்தான். 135 ஆகிவிட்டது என்றான். ஒரு ஸ்பேனர் வைக்கவில்லை, ஒரு போல்ட் கழற்றவில்லை. “மாமா, நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க” என்றான். ஓட்டினேன். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கவேண்டிய நேரம் பாதியாகக் குறைந்தது. மெதுவாக ஓட்டினால் மைலேஜும் குறையவில்லை. நன்றாயிருந்தது என்று அவனிடமே சொன்னேன். நல்லதை நல்லது என்று சொல்லாதவன் கெட்டதைச் சொல்லும்போது யார் கேட்பார்கள்?

ஆனால் அந்த 30 குதிரைகள் எங்கிருந்து வந்தன? பட்டறைக்காரர் கொடுத்தது என்று அவன் நினைத்தான். தயாரிப்பாளர் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் ஏன் ஒதுக்கி வைக்கிறான்? ஒரே என்ஜினைக் காஷ்மீருக்கும் விற்கிறான், ராஜஸ்தானத்துக்கும் விற்கிறான். ஏர் ஃபில்டரை வருடக்கணக்கில் மாற்றாதவன் வாங்குவான், கிராமத்துப் பங்க்கில் கிடைத்ததை ஊற்றுகிறவன் வாங்குவான். எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி. நம் வீட்டுக் கிணற்றில் கோடைக்கென்று விடும் தண்ணீர் மாதிரி. மழைக்காலத்தில் அதை இறைத்துவிட்டு, “பாருங்கள், எவ்வளவு தண்ணீர் வீணாகக் கிடந்தது!” என்று சொல்வது வியாபாரம். தொழில் தெரிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான்.

எட்டு மாதம் வண்டி ஜோராக ஓடியது. பிறகு பையனுக்கு அது போதவில்லை. சைலன்சர் பைப்பை மாற்றினான். இன்னும் காரமான ஒரு மேப் வேண்டும் என்று தேட, அதே மாடல் கார் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் மூலம் வேறொரு பட்டறையிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. அந்த ஃபைல் எந்த ஊரில், எந்தப் பெட்ரோலில், எந்த இன்டர்கூலரோடு எழுதப்பட்டது என்று கேட்டேன். பட்டறைக்காரருக்கே தெரியவில்லை. “எல்லா வண்டிக்கும் இதைத்தான் சார் போடுறோம்” என்றார். பெயர் சொல்லவேண்டாம், இப்படிப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

ஊர் என்று ஏன் கேட்டேன்? ராபர்ட்சன்பேட்டை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் ஒன்று என்றால் இங்கே ஏறக்குறைய 0.9. டர்போ இல்லாத வண்டி இங்கே பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஓடுகிறது. டர்போ வண்டி அந்தக் குறையை ஈடுகட்டிவிடும், அதுதான் அதன் பெருமை. ஆனால் சும்மா ஈடுகட்டாது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டும். சிலிண்டர் வாசலில் 2 பார் அழுத்தம் வேண்டுமென்றால் சென்னையில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும், இங்கே 2.2 மடங்கு அழுத்தவேண்டும். அதனால்தான் தயாரிப்பாளர் உயரமான ஊர்களில் டர்போ எல்லை மீறாமல் இருக்கக் கம்ப்யூட்டரில் ஒரு வரம்பு எழுதி வைக்கிறார். கடலோரத்தில் எழுதிய காரமான ஃபைலில் அந்த வரம்பையும் சேர்த்துத் தளர்த்தியிருந்தால் நம் ஊரில் டர்போவின் ஆயுள் குறையும். இங்கே குளிர்ந்த காற்றில் எழுதிய ஃபைலைக் கொண்டு கீழே இறங்கினால் வேறு விதமான ஆபத்து.

அந்த வேறு விதம்தான் எங்கள் வீட்டில் நடந்தது. மே மாதம், குடும்பத்தோடு சென்னைப் பயணம், ஏ.சி. முழு வேகத்தில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கொதிக்கும் காற்று, பழைய இன்டர்கூலர், பிரீமியம் பெட்ரோலைக் கணக்கில் வைத்து எழுதிய ஃபைல், வழியில் போட்டதோ சாதாரண பெட்ரோல். இந்த நிலையில் சிலிண்டருக்குள் தீப்பொறி வந்த பின்பு கலவை தானாகவே ஆங்காங்கே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள், என்ஜின் தட்டுகிறது என்பார்கள். கம்பெனி மேப்பில் வண்டி அதைக் கேட்டவுடன் தீப்பொறியைத் தள்ளிப்போட்டு, சக்தியைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்தக் காதையும் ஃபைலில் பாதி செவிடாக்கியிருந்தார்கள்! சக்தி குறைகிறது என்று வாடிக்கையாளர் குறை சொல்லக்கூடாதாம்.

வாலாஜா தாண்டியதும் வண்டி ஒரு சிலிண்டர் விட்டு ஓடத் தொடங்கியது, பின்னால் நீலப்புகை. டிரக்கில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, அவனும் நானும் பக்கத்து ஷெட்டில் வைத்துப் பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்திருந்தது. செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. வண்டியில் என் தங்கையும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். நெடுஞ்சாலையில், பின்னால் கண்டெய்னர் லாரி வரும்போது வேகம் சட்டென்று விழுந்தது என்று அவள் சொன்னாள். பணம் பெரிதல்ல.

இதெல்லாம் புதிய கதை என்று பிள்ளைகள் நினைக்கவேண்டாம். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ‘ஜெட்ஃபயர்’ என்று ஒரு டர்போ காரை விற்பனைக்கு விட்டது. நாக்கிங் வராமலிருக்க வாலைவடி நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவரவேண்டும். வாங்கியவர்கள் பெட்ரோல் ஊற்ற மறக்கவில்லை, இந்தத் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். புகார் குவிந்தது, கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. படித்த பணக்கார நாட்டில் நடந்தது இது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 1977இல் ரெனோ கம்பெனி டர்போவைக் கொண்டுவந்தது. 1986 வாக்கில் ஒன்றரை லிட்டர் என்ஜினில் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். உண்மைதான். ஆனால் தகுதிச் சுற்றுக்கென்று மாட்டிய அந்த என்ஜின்கள் சில சுற்றுகள் மட்டும் தாங்கினால் போதும் என்று கட்டப்பட்டவை. மறுநாள் பந்தயத்துக்கு வேறு என்ஜின். நம் பிள்ளைகள் அந்த ஆயிரம் குதிரையைச் சொல்கிறார்கள், மறுநாள் மாட்டிய என்ஜினைச் சொல்வதில்லை. (டீசல் வண்டியில் மேப் மாற்றிக் கரும்புகை கக்கவிட்டு அதை வீரமாக நினைக்கும் சில பேரைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் முகத்தைப் பார்த்தால் போதும்.)

பெட்ரோலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலப்புக்கு வந்துவிட்டோம். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், அது நல்லது; ஆனால் அதே வேலைக்கு அதிக அளவு எரிபொருள் ஊற்றவேண்டும். பழைய பெட்ரோலில் விளிம்புவரை இழுத்து எழுதிய மேப்பில், கலவை சரியாகத்தான் போகிறதா என்று ஒருமுறை அளந்து பார்க்காமல் ஓட்டுவது குருட்டு நம்பிக்கை.

அடுத்தது வேகம். 2024 இறுதியில் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம்வரை, போக்குவரத்துக்குத் திறந்தபோது நம் பிள்ளைகளுக்கு ஏதோ சொந்த மைதானம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காருக்கு உச்ச வரம்பு 120. மேப் மாற்றிய வண்டி 160ஐச் சிரமமில்லாமல் தொடும். 120க்கும் 160க்கும் வித்தியாசம் 40தானே என்று நினைக்கிறார்கள். பிரேக் பிடித்து அடக்கவேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பிரேக்கும் டயரும் 105 குதிரைக்கு வந்தவையே. என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் காசு டயருக்கு, இரண்டாவது பிரேக்குக்கு, மூன்றாவது குளிர்ச்சிக்கு, அதற்குமேல் மிச்சமிருந்தால் மேப்புக்கு வா. இதுவரை மிச்சமிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் மேப் கண்ணுக்குத் தெரியாது, போலீஸ்காரர் பார்க்கமாட்டார் என்பது வாதமாகாது. பெரிய விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும், அப்போது பதில் சொல்லவேண்டியது பட்டறைக்காரர் அல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமா? இங்கேதான் நான் பெரியவர்களோடு பிரிகிறேன். சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த நாட்களில் ஓடிய வண்டிகளில் பல, ஷெட்டுகளில் கையால் மாற்றிக் கட்டியவை. கோயம்புத்தூர் கரிவரதன் வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்து காட்டுவதோடு நிற்கவில்லை. மாருதி 800இன் சாதாரண என்ஜினை வைத்து, 1988 வாக்கில், ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டி இளைஞர்களை ஓட்டவிட்டார். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995இல் விபத்தில் மறைந்தார். கோவையில் உள்ள பந்தயத் தளத்துக்கு இன்று அவர் பெயர். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, ஆசையை அடக்கச் சொல்லாமல் அதற்கு ஓர் இடமும் அளவும் கொடுத்தது. இன்றும் இருங்காட்டுக்கோட்டைத் தளம் நம் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம்தான். விரைவுச்சாலையில் மற்றவர் குடும்பத்துக்கு நடுவே செய்வதை, அங்கே முறையாகப் பணம் கட்டித் தலைக்கவசத்தோடு செய்யலாம்.

நம் ஊரில் இல்லாதது கைத்திறன் அல்ல. சுரங்கப் பட்டறையில் விண்டிங் என்ஜினைப் பராமரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பிஸ்டன் உடைந்த அன்று என் தங்கை மகன் என்ஜினைப் பிரித்துக் கழுவி அடுக்கிய நேர்த்தியைப் பார்த்தேன். பெமலில் எந்த ஃபோர்மேனும் குறை சொல்லியிருக்கமாட்டார். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு, யாரோ எழுதிய ஃபைலைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றுவதுதான் எனக்கு வருத்தம். அளக்கத் தெரியாதவனுக்கு டியூனிங் கிடையாது. உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, கலவை எப்படி, எத்தனை முறை தீப்பொறி தள்ளிப்போனது என்று வண்டியே சொல்கிறது; சில ஆயிரம் ரூபாய் சாமானை மாட்டினால் செல்ஃபோனிலேயே படிக்கலாம். படிக்கிறவர்கள் குறைவு. எண்ணெய் நாளை ஒத்திப்போடாமல் மாற்றுவது, மலையேறி வந்தவுடன் என்ஜினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவிடுவது, இதெல்லாம் நம் லாரி டிரைவர்களுக்குத் தெரிந்த பழக்கம். மகனுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் கொடுக்கும் மண்டபத்தை மாதம் ஒரு ஞாயிறு காலை இதற்கும் கொடுங்கள். பெமலில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நான்கைந்து பேர் வரத் தயாராக இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், தேநீர் போதும். வண்டி மண்டபத்துக்கு வெளியே நிற்கட்டும், பெண் பிள்ளைகளும் வரட்டும். கம்ப்ரஷன் எப்படிப் பார்ப்பது, லாக் எப்படிப் படிப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கலாம். முதல் ஞாயிறு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் படிக்கும் பாடமாக இருக்கட்டும். வெள்ளை, பழுப்பு, கறுப்பு எல்லா நிறத்திலும் பழைய பிளக்குகள் என் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.